கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீல்

2024 செப்டம்பரில் இந்தியக் கால்பந்து ரசிகர்கள் கோல் கணக்கை விட்டுவிட்டுக் கோடிக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் அன்வர் அலி, டெல்லி எஃப்சியிடமிருந்து நான்கு பருவங்களுக்கு மோகன் பகானுக்குக் கடனாகப் போனவர். ஒரே பருவத்தில் அதை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழு அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் டெல்லி எஃப்சி, ஈஸ்ட் பெங்கால் கிளப்புகளும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும், உத்தரவைத் திரும்பப் பெற்று மறுபடி விசாரிப்பதாகச் சம்மேளனம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒப்பந்தத்தை முறித்தது சரியா என்பது ஒரு கேள்வி. இழப்பீட்டை எந்த அளவுகோலில் கணக்கிடுவது என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு ஐரோப்பா எப்போதோ ஒரு பதில் சொல்லிவிட்டது.

பிரான்ஸின் லியோன் கிளப்பில் 1997இல் மூன்றாண்டு பயிற்சி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர் ஒலிவியே பெர்னார். 2000இல் லியோன் நீட்டிய ஓராண்டு தொழில்முறை ஒப்பந்தத்தை அவர் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட்டுக்குப் போனார். வழக்குப் போட்ட லியோன் சுமார் 53,000 யூரோ கேட்டது. அது அவரை வளர்க்க ஆன செலவு அல்ல. அவர் கையெழுத்திட்டிருந்தால் அந்த ஓராண்டில் வாங்கியிருக்கும் சம்பளம். 2010 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வளர்த்த கிளப் பயிற்சிச் செலவைக் கேட்கலாம், தேறாமல் போன பையன்களுக்கு ஆன செலவையும் அதில் சேர்க்கலாம், உண்மையான செலவோடு தொடர்பில்லாத தொகையைக் கேட்டு இளைஞரின் வழியை மறிக்கக் கூடாது.

இதில் சின்னக் கிளப்புகளின் பக்கமும் நியாயம் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு பூட்ஸும் சாப்பாடும் கோச்சும் கொடுத்து வளர்க்கும் அகாடமி, அவன் பதினெட்டில் பெரிய கிளப்புக்குப் போகும்போது வெறுங்கையோடு நின்றால், அடுத்த பையனை எதை வைத்து வளர்க்கும்? அதனால்தான் ஃபிஃபா 2001இலேயே பயிற்சி இழப்பீட்டை விதியாக்கியது. நாடு விட்டு நாடு விலைபோகும் வீரரின் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பதும் அதே விதிநூலில் இருக்கிறது.

ஆனால் வீரர் விலகினால் நடவடிக்கையில் தெரியும் வேகம், கிளப் கைவிரிக்கும்போது தெரிவதில்லை. 2021-22 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சாம்பியனான ஹைதராபாத் எஃப்சி, 2023-24 பருவத்தில் சம்பளப் பாக்கியில் மூழ்கியது. பெரிய பெயர்கள் வெளியேற, பெரும்பாலும் இளம் இந்திய வீரர்களே மிச்ச ஆட்டங்களை ஆடி முடித்தார்கள். 2025 ஆகஸ்டில், ஐஎஸ்எல் நடக்குமா என்பதே தெரியாத நிலையில், பெங்களூரு எஃப்சி தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. இருமுறை பட்டம் வென்ற நம் சென்னையின் எஃப்சியும் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. கையில் ஒப்பந்தம் இருந்தும் வீரர்கள் காத்துக் கிடந்தார்கள்.

இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் கேட்டுவிட்டு, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. தகுந்த காரணமின்றி ஒப்பந்தத்தை முறித்த கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு கேட்கும் உரிமையும் கிடையாது. இதையெல்லாம் பையன்களிடம் சொல்வது யார்?

செஞ்சி போன்ற ஒரு தாலுகா ஊரிலிருந்து டிரையல்ஸுக்குச் சென்னை போகும் பதினாறு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். தேர்வானதும் நீட்டப்படும் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பக்கத்தில் நிற்பது விவசாயியோ கொத்தனாரோ ஆன அப்பா. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு வயது ஆகாதவன் தானாகப் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1903இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலே இதை உறுதி செய்துவிட்டது. பதினெட்டுக்குக் கீழ் இருப்பவரை மூன்று ஆண்டுக்கு மேல் கட்டிவைக்க ஃபிஃபாவும் அனுமதிப்பதில்லை. இருந்தும், வேறு கிளப்புக்குப் போகக் கேட்கப்படும் தடையில்லாச் சான்று கிளப்பின் கையில்தான் என்று பயந்து, விலக நினைக்கும் பையனும் அப்பாவும் வாய் திறப்பதில்லை. கால்பந்து வீரருக்கு ஒரு பருவம் வீணானால், விவசாயிக்கு ஒரு போகம் போன மாதிரி.

அன்வர் அலிக்காக வாதாட வழக்கறிஞர்கள் இருந்தார்கள். இந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? சட்டத்தில் ஆள் உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் வருமான வரம்பைப் பற்றிக் கவலைப்படாமல் இலவச சட்ட உதவி கேட்கலாம். அந்த உதவி மாவட்ட அளவிலும் தாலுகா அளவிலும் கிடைக்கிறது. வழக்கு வந்த பிறகு அங்கே ஓடுவதைவிட, கையெழுத்துக்கு முன் ஒருமுறை போய் வருவது மேல்.

மீதி வேலை சம்மேளனத்துடையது. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களின் ஒப்பந்தம் ஆங்கிலத்தோடு தாய்மொழியிலும் இருந்தால்தான் பதிவு செய்யப்படும் என்று விதி செய்ய வேண்டும். இழப்பீடு கேட்கும் கிளப் செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். சம்பளப் பாக்கிப் புகாருக்கு நாள் குறித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு கால்பந்து சங்கம் இதைக் கேட்டு முதல் கடிதத்தை எழுதட்டும். அதுவரை, பிள்ளையை டிரையல்ஸுக்கு அனுப்பும் பெற்றோர் எந்தக் காகிதத்திலும் அன்றே கையெழுத்துப் போடாமல், ஒரு நகலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புங்கள்.