இங்கிலீஷ் தெரியாட்டி கேமை மூடோணுமோ?

போன மாதம் சித்தியின்ர மகன் வீட்டுக்கு வந்திருந்தான். 12 வயசு. என்னட்ட 400 பழைய கேம் ஏத்தின ஒரு கைக் கேம் கிடக்கு. அதைக் குடுத்தன். பத்து நிமிசத்தில திருப்பித் தந்திட்டான்.

"ஏன்ரா, பிடிக்கேல்லையோ?"

"இல்லையண்ணா, எல்லாம் இங்கிலீஷும் ஜப்பான் எழுத்துமாக் கிடக்கு. எனக்கு விளங்காது."

கேம் சரியில்லை எண்டு அவன் சொல்லேல்லை. தான் அதுக்குச் சரியில்லை எண்டுதான் சொன்னான். எனக்குச் சுட்டது அதுதான். பக்கத்தில இருந்த பெரியவர் ஒருத்தர் உடன, "இதுக்குத்தான் இங்கிலீஷைப் படி எண்டு சொல்லுறது" எண்டு ஒரு போடு போட்டார். விளையாட்டிலயும் ரியூசன் வகுப்புத் திறக்கிற ஆக்கள் எங்கட ஊரில கனபேர்.

அந்தப் பெரியவருக்கு ஒரு விசயம் சொல்லோணும். நிண்டெண்டோவின்ர ஃபாமிகொம் 1983இல ஜப்பானில வந்தது. 1985இல அதுக்கு வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸைத் தெரியாத ஆள் இல்லை. ஜப்பானில வித்த அந்தக் கசெற்றிலயும் திரையில வாற எழுத்து இங்கிலீஷ்தான். கோட்டையைப் பிடிச்சு முடிச்சால், "இளவரசி இங்க இல்லை, வேற கோட்டையில" எண்டு சொல்லுற வசனமும் இங்கிலீஷிலதான் வரும். இங்கிலீஷ் தெரியாத ஜப்பான் பெடியளும் அதை விளையாடித்தான் முடிச்சவங்கள். அவங்கள் ஆரும் "எனக்கு விளங்காது" எண்டு கொன்ட்ரோலரைக் கீழ வைக்கேல்லை.

ஏனெண்டால் அந்தக் கேம் வாயால கதைக்கிறேல்ல. தொடங்கின உடன ஒரு பழுப்பு உருவம் உங்களை நோக்கி நடந்து வரும். சும்மா நிண்டால் சாவு. அடுத்த முறை குதிப்பீங்கள். கேள்விக்குறி போட்ட பெட்டியைத் தலையால இடிச்சால் காளான் வரும். அது குழாயில மோதித் திரும்பி உங்களிட்டயே வரும். அதோட மாரியோ பெருப்பான். ஒரு சொல்லும் வாசிக்காமல் பாடம் முடிஞ்சுது.

இதை எங்களில இரக்கப்பட்டுச் செய்ததெண்டு நினைக்காதேங்கோ. அந்த முழு விளையாட்டும் 40 கிலோபைட். இண்டைக்கு உங்கட ஃபோனில கிடக்கிற ஒரு படம் அதைவிடப் பெரிசு. எழுத்துக்கு இடமே இல்லை. 1986இல வந்த டிராகன் குவெஸ்ட்டில, இடம் காணாமல் கட்டகானா எழுத்துகளில 20ஐ மட்டும் வச்சுக்கொண்டு, மந்திரங்களின்ர பேரையும் பூதங்களின்ர பேரையும் அந்த 20க்குள்ளயே அமைச்சவை. சொந்த மொழிக்கே பஞ்சம் இருந்த காலம் அது. அப்ப, வாசிக்கத் தெரியாதது ஏன் எங்கட தனிக் குறையாகோணும்?

இனி எங்கட ஆக்களிட்ட வாறன். "மொழி தேவைப்படாத பழைய கேம்கள்" எண்டு பட்டியல் போடுறவையில எனக்கும் பிணக்கு இருக்கு. எப்ப பார்த்தாலும் மாரியோ, கொன்ட்ரா, டெட்ரிஸ். நல்ல கேம்கள்தான். ஆனால் "எழுத்துக் குறைவோ?" எண்ட ஒரே கேள்வியோட தேடினால் கிடைக்கிறதும் அவ்வளவுதான். கேக்கவேண்டிய கேள்வி வேற: நான் விட்ட பிழையை இந்தக் கேம் எனக்குக் காட்டுதோ?

கிராடியஸை எடுங்கோ. கீழ வரிசையாப் பெட்டிகள், அதில இங்கிலீஷ் சொற்கள். வாசிக்கத் தேவையில்லை. ஒளி எத்தினையாவது பெட்டியில நிக்குது எண்டு எண்ணினால் போதும். முதல் பெட்டியில அமத்தினால் கப்பல் வேகமாப் போகும். கண்ணால கண்டிட்டீங்கள், இனி மறக்காது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இலயும் அப்பிடித்தான். மேல இருக்கிற கோடு குறைஞ்சால் நீங்கள் அடி வாங்கிறீங்கள்.

இன்னொரு வகை இருக்கு. அதுக்கு ஒரு பேனையும் கொப்பித்தாளும் வேணும். 1988இல ஜப்பானில மட்டும் வெளிவந்த ஃபாமிகொம் வோர்ஸ் அப்பிடி. மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. ஆனால் வரைபடமும் டாங்கியும் இலக்கமும் எல்லாருக்கும் விளங்கும். ஒவ்வொரு மெனுவையும் ஒருக்கா அமத்திப் பார்த்து, "மேலயிருந்து ரெண்டாவது, இதைச் செய்யும்" எண்டு எழுதி வையுங்கோ. பின்னேரம் ஒண்டு செலவாகும். பட்டியல் போடுறவை இந்த வகையைத் தொடுறதே இல்லை. எழுத்தைக் கண்ட உடன தள்ளி வச்சிடுவினம்.

மூண்டாவது வகையில நான் பொய் சொல்லமாட்டன். 1985இல ஃபாமிகொமுக்கு வந்த போர்ட்டோப்பியா ஒரு கொலையைத் துப்பறியிற கதை. ஆர் என்ன சொன்னது எண்டு தெரியாட்டி அங்க விளையாட்டே இல்லை. டிராகன் குவெஸ்ட்டிலயும் ஊராக்கள் சொல்லுறதிலதான் வழி இருக்கு. இதுகளைத் தட்டுத்தடவி முடிச்சிட்டன் எண்டு பெருமையடிக்கிறது, படத்தைச் சத்தமில்லாமல் பார்த்திட்டு விமர்சனம் எழுதுற மாதிரி.

ஆனால் "அப்ப விடுங்கோ" எண்டும் சொல்லமாட்டன். மதர் 3 எண்ட கேம் 2006இல ஜப்பானில மட்டும் வந்தது. இங்கிலீஷ் ஆக்கள் கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போய், ரசிகர்களே சேர்ந்து மொழிபெயர்த்து 2008இல இலவசமா வெளியிட்டவை. கவனியுங்கோ, உலகத்தையே ஆளுற மொழி எண்டு நாங்கள் நினைக்கிற இங்கிலீஷ்காரரும் ஒரு கேமுக்கு முன்னால "விளங்கேல்லை" எண்டு நிண்டவைதான். "ஜப்பான் மொழி படிக்காதது எங்கட பிழை" எண்டு அவை கூனிக்குறுகேல்லை. தங்கட மொழிக்கு அதைக் கொண்டுவந்தவை.

நாங்கள் என்ன செய்யிறம்? பழைய கேமுக்குள்ள தமிழை ஏத்துறது லேசில்லை எண்டு எனக்குத் தெரியும். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள்ள "ணை"யையும் "கொ"வையும் அடக்கிப் பாருங்கோ, அழுகை வரும். ஆனால் கொப்பித்தாள் லேசு. ஒரு கேம், ஒரு பக்கம், தமிழில: எந்த மெனு என்ன செய்யும், எந்த இடத்தில ஆர் என்ன சொல்லுறார். அவ்வளவுதான். இங்கிலீஷ் தெரிஞ்ச எங்களில ஒவ்வொருத்தரும் ஒண்டு எழுதினால், தெரியாத பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கும். இங்கிலீஷை அவன் ஆறுதலாப் படிக்கட்டும், வேண்டாமெண்டு ஆர் சொன்னது? விளையாடுறதுக்கு அதை நுழைவுச்சீட்டு ஆக்காதேங்கோ எண்டுதான் சொல்லுறன்.

நான் ஃபாமிகொம் வோர்ஸுக்கு எழுதத் தொடங்கிட்டன். அரைப்பக்கம் முடிஞ்சுது. தம்பி லீவுக்குத் திரும்பி வாறான். இந்தமுறை கேமோட அந்தத் தாளையும் சேர்த்துத்தான் குடுப்பன். நீங்கள் எந்தக் கேமை எடுக்கிறீங்கள்?