ஸ்கேன்ல எல்லாம் சரியா இருக்கு... அப்ப எனக்கு ஏன் சார் வலிக்குது?

முதுகுத்தண்டில் ஸ்க்ரூ, ராடு வைத்து ஆபரேஷன் செய்தவர்கள் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்க. ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்கள் கட்டாயம் படிங்க. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

முதலிலேயே சொல்லிடறேன். நான் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. பொது மருத்துவர். ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, "எல்லாம் நல்லாயிருக்கு, இனிமே வரவேண்டாம்" என்று அனுப்பப்பட்டவர்கள் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கழித்து வந்து உட்காருகிற இடம் என் கிளினிக். அங்கே இருந்து பார்ப்பதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு அம்மா. வயது நாற்பத்தாறு. வீட்டிலேயே தையல் தொழில். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) இடுப்பின் கடைசி முள்ளெலும்பு, கீழே இருக்கும் எலும்பின் மேல் முன்பக்கமாக நழுவி, நரம்பை அழுத்தி, ரெண்டு காலும் மரத்துப்போய் பத்து அடி நடக்க முடியாத நிலையில் ஆபரேஷன் செய்துகொண்டவர். நாலு ஸ்க்ரூ, ரெண்டு ராடு. கால் வலி போயிடுச்சு. நடக்கிறார், பஸ் ஏறுகிறார்.

ஆனால் இடுப்பில் வலது பக்கம் ஒரு இடம். ஸ்டீல் சேரில் சாய்ந்தால் குத்துது. தரையில் மல்லாந்து படுத்தால் குத்துது. ஷேர் ஆட்டோ ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் உயிர் போகுது.

ஆபரேஷன் செய்த இடத்துக்கு மூணு தடவை போயிருக்கிறார். மூணு தடவையும் எக்ஸ்ரே. மூணு தடவையும் "பர்ஃபெக்டா இருக்கு". வீட்டுக்காரர், "டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டார், உனக்கு மனசுதான்" என்று முடித்துவிட்டார்.

என்னிடம் வந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், முதல் தடவை நானும் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அதே வசனத்தைத்தான் சொன்னேன். "நல்லாத்தாம்மா இருக்கு." அவர் எழுந்து கதவு வரை போய், திரும்பி நின்று கேட்டார்: "அப்ப நான் பொய் சொல்றேனா சார்?"

அதற்குப் பிறகுதான் அவர் முதுகைத் தொட்டே பார்த்தேன்.

எங்கே வலிக்குது என்று கேட்டேன். ஒரே விரலை வைத்துக் காட்டினார். இது முக்கியம் நண்பர்களே. இடுப்பு முழுக்க உள்ளங்கையால் தடவிக் காட்டுவது வேறு, ஒரு விரலால் ஒரு புள்ளியைக் காட்டுவது வேறு. அந்தப் புள்ளியில் என் விரலை வைத்தேன். மெலிந்த உடம்பு, ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தசையும் வற்றியிருக்கு. தோலுக்கு அடியில் கெட்டியாக ஒரு மேடு கைக்குத் தட்டுப்பட்டது. லேசாக அழுத்தினேன். "ஐயோ, அதேதான் சார்!"

இப்ப இந்த ஸ்க்ரூ விஷயத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்.

வீட்டுக்குத் தளம் போடும்போது சென்ட்ரிங் அடித்து முட்டுக் கொடுப்பார்கள் இல்லையா? கான்கிரீட் இறுகும்வரை அதுதான் தாங்கும். முதுகில் ஸ்க்ரூவும் ராடும் செய்வது அதே வேலைதான். உண்மையான ஆபரேஷன், ரெண்டு முள்ளெலும்புக்கு நடுவே எலும்புத் துகளை வைத்து ரெண்டையும் ஒரே எலும்பாகக் கூட வைப்பது. அது கூடுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் உலோகம். ஒரே வித்தியாசம், வீடு கட்டும்போது சென்ட்ரிங்கைப் பிரித்துவிடுவோம். இங்கே பிரிப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும், தொந்தரவும் தராது.

அதுக்காக ஸ்க்ரூவைத் திட்டாதீங்க. 1911இல் நியூயார்க்கில் ஆல்பீ, ஹிப்ஸ் என்ற ரெண்டு மருத்துவர்கள் முதன்முதலாக முள்ளெலும்புகளைக் கூட வைத்தபோது உலோகமே கிடையாது. நோயாளி மாதக்கணக்கில் அசையாமல் படுத்துக் கிடக்கணும். 1960களில் பிரான்ஸில் ராய்-கமீய் முள்ளெலும்பின் காம்பு வழியாக ஸ்க்ரூ போடும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாளே உங்களை எழுப்பி நடக்க வைக்கிறார்கள் என்றால் அந்த வழியில் வந்ததுதான் காரணம்.

ஆனால் அது ஒரு பொருள். கிட்டத்தட்ட பென்சில் தடிமன், நாலு நாலரை சென்டிமீட்டர் நீளம், வெளியே ஒரு தலை, அதில் பூட்டிய கம்பி. அந்தத் தலை தசையில் உரசலாம். உரசுகிற இடத்தில் நீர் கோத்த ஒரு பை உருவாகலாம். மேல் ஸ்க்ரூ பக்கத்து மூட்டை இடிக்கலாம். இதெல்லாம் எக்ஸ்ரேயில் "தப்பு" என்று தெரியாது. ஏன்னா எக்ஸ்ரே காட்டுவது ஸ்க்ரூ இருக்கிற இடத்தை. வலியை அல்ல.

என் கருத்து இதுதான்: "ஸ்கேன் நார்மல்" என்பது நோயாளியின் கேள்விக்குப் பதில் அல்ல.

சர்ஜனின் பக்கமும் இருக்கு, சொல்லாமல் விட்டால் தப்பு. நூறு பேர் காத்திருக்கும் ஓபியில் ஒருவருக்கு அவருக்குக் கிடைப்பது நாலு நிமிஷம். எலும்பு கூடியதா, ஸ்க்ரூ உடையாமல் இருக்கா, காலில் பலம் இருக்கா? மூன்றுக்கும் ஆம் என்றால் அவர் கணக்கில் ஆபரேஷன் சக்சஸ். அது பொய்யும் இல்லை. ஆனா அந்த அம்மா கணக்கு வேற. தையல் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார முடியுதா என்பதுதான் அவருக்கு சக்சஸ். இந்த ரெண்டு கணக்கையும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஒரே மேசையில் வைத்திருக்கணும். "இந்த உலோகம் உள்ளேயே இருக்கும், சிலருக்கு அது உறுத்தும், உறுத்தினா வாங்க, பார்த்துக்கலாம்." இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். இதைக் கேட்டுவிட்டுப் போனவர் ரெண்டு வருஷம் கழித்துத் தன்னைத்தானே பைத்தியம் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்.

சரி, வலி இருக்குன்னா உடனே ஸ்க்ரூவைக் கழட்டிடலாமா?

அவசரப்படாதீங்க. முதல்ல வலி எங்கிருந்து வருதுன்னு பிடிக்கணும். எலும்பு கூடாமல் உள்ளே அசைவு இருக்கலாம். அப்படி இருந்தால் ஸ்க்ரூவைச் சுற்றிலும் எலும்பு கரைந்திருக்கும், எக்ஸ்ரேயை விட சிடி ஸ்கேனில் நன்றாகத் தெரியும். ரொம்ப மெதுவாக வளரும் கிருமித் தொற்று இருக்கலாம், காய்ச்சலே இல்லாமல்கூட. அதற்கு இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை ஒரு தொடக்கம், அது நார்மலாக வந்தாலும் சந்தேகம் இருந்தால் விடக்கூடாது. ஒட்டிய எலும்புக்கு மேலே இருக்கும் அடுத்த வட்டு தேய்ந்திருக்கலாம். இடுப்பு மூட்டு கூடுதல் பாரம் தாங்கி வலிக்கலாம். வலிக்குது என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இத்தனை இருக்கு.

இதையெல்லாம் பார்த்தபிறகு ஒரு நல்ல சோதனை உண்டு. சந்தேகப்படும் ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவது. மருந்து வேலை செய்யும் சில மணி நேரம் வலி மறைந்தால், குற்றவாளி பெரும்பாலும் அந்த ஸ்க்ரூதான். மறையவில்லை என்றால் அதைக் கழட்டியும் பெரிய பிரயோஜனம் இருக்காது.

ஊசியில் வலி மறைந்தவர்களிலும் கழட்டிய பிறகு எல்லாருக்கும் வலி போவதில்லை. அது இன்னொரு ஆபரேஷன். அதே தழும்பு, அதே தசை மறுபடியும் வெட்டுப்படும். எலும்பு முழுதாகக் கூடாமல் கழட்டினால் பழைய நழுவல் திரும்பலாம். "கழட்டினா நூறு சதவீதம் சரியாயிடும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்க.

அதுவரை நாட்களை ஓட்டணுமே? அதில் நான் பார்க்கும் ரெண்டு தவறுகள் ரொம்பக் கெடுதல்.

ஒன்று, எண்ணெய் போட்டு நீவி விடுவது. "ஆணி இளகிடுச்சு, தட்டி உட்கார வைக்கிறேன்" என்று சொல்லி ஏறி மிதித்த கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை. டிராயரில் டைக்ளோஃபெனாக் அட்டை அடுக்கி வைத்திருப்பவர்களைத் தெரியும். முதுகு வலிக்காக வந்தவரின் கிரியாட்டினினைப் பார்த்து நான் பதறிய நாட்கள் உண்டு. சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

வெந்நீர்ப் பை ஒத்தடம் இதமாக இருந்தா தாராளமாகக் கொடுங்க, உள்ளே உலோகம் இருப்பதால் அது கூடாது என்றில்லை (தோல் மரத்துப்போன இடத்தில் மட்டும் வேண்டாம், சுட்டாலும் தெரியாது). ஆனால் பிசியோதெரபி போகும்போது ஸ்க்ரூ இருப்பதைச் சொல்லிடுங்க, டயாதெர்மி என்ற கருவியை உலோகம் உள்ள இடத்தில் வைக்கக்கூடாது. எம்ஆர்ஐ பயம் வேண்டாம். இப்போதைய டைட்டானியம் ஸ்க்ரூக்களோடு பெரும்பாலும் எடுக்கலாம், அந்த இடத்துப் படம் மட்டும் கலங்கித் தெரியும். எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லணும், அவ்வளவுதான். பீடி சிகரெட் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்க, எலும்பு கூடுவதைக் கெடுப்பதில் அதுக்கு முதலிடம்.

காய்ச்சல், தழும்பில் நீர் கசிவு, காலில் புதுசாகப் பலவீனம், சிறுநீர் வராமல் நிற்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. நம்ம பதிவைத் தேடிப் படித்துக்கொண்டு இருக்காதீங்க.

அப்புறம் ஒரு சின்ன வேலை. டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பையும், ஸ்க்ரூவின் கம்பெனி, அளவு எழுதிய ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி, லேமினேட் பண்ணி ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைங்க. என்றைக்காவது கழட்ட வேண்டியிருந்தால் எந்த கம்பெனி ஸ்க்ரூ என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற டிரைவரோடு சர்ஜன் தயாராக இருக்க முடியும்.

அந்த அம்மாவுக்கு சிடி எடுத்தோம். எலும்பு அழகாகக் கூடியிருந்தது. தொற்றுக்கான அறிகுறி இல்லை. வேறொரு சர்ஜனிடம் அனுப்பினேன், ஊசி போட்டார். அன்று சாயங்காலம் வரை வலி இல்லை என்று போனில் சொல்லும்போது அழுதுவிட்டார். அடுத்த முறை வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் விரலையும் அந்த மேட்டில் வைக்கச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை மனிதர்.

கழட்டலாம், கழட்டாமலும் இருக்கலாம், ரெண்டின் நல்லது கெட்டதையும் விளக்கினேன். இப்போதைக்கு தையல் மெஷினுக்கு முதுகு சாய்க்காத ஸ்டூல், வீட்டு நாற்காலியில் நடுவில் பள்ளம் வெட்டிய ஃபோம், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடப்பது, முதுகுத் தசைக்குப் பயிற்சி. வலி போகவில்லை. பத்துக்கு ஏழு இருந்தது நாலு என்கிறார்.

கழட்டுவதைப் பற்றிப் போன வாரம் கேட்டேன். "தீபாவளி பிளவுஸ் ஆர்டர் நூத்திச்சொச்சம் இருக்கு சார். அதை முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றார்.