ஓய்வும் ஒரு பயிற்சிதான்!

பையன் ஓட்டப் பந்தய வீரன். தினமும் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறான். முதலில், ஓடி முடிக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு குறையவில்லை. எவ்வளவு ஓடினாலும் அதே நேரம்தான்.

“இன்னும் ஓடுடா, சோம்பேறி!” என்கிறார் தந்தை. பையன் இன்னும் ஓடுகிறான். கால் வலிக்கிறது. நேரம் கூடுகிறது. கடைசியில், பந்தயமே வேண்டாம் என்று விட்டுவிடுகிறான்.

இப்படிப்பட்ட தந்தையும் மகனும் ரோஜர் பானிஸ்டரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

4-வது இடம்

பானிஸ்டர் இங்கிலாந்துக்காரர். டாக்டருக்குப் படித்தவர். 1952-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. 1,500 மீட்டர் ஓட்டத்தில் பானிஸ்டர் முதலாவதாக வருவார் என்று அவர் நாட்டு மக்கள் எதிர்பார்த்தார்கள். கிடைத்தது 4-வது இடம்!

ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தார். ஆனால் விடவில்லை. ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடிக் காட்டுவது என்று முடிவு செய்தார்.

அது லேசான காரியம் அல்ல. சுவீடன் வீரர் குண்டர் ஹேக் 1945-ம் ஆண்டு 4 நிமிடம் 1.4 வினாடியில் ஒரு மைல் ஓடினார். ஏறக்குறைய 9 ஆண்டுகள் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

மைதானத்தை 4 சுற்று சுற்றினால் ஒரு மைல். அப்படியானால், ஒரு சுற்றுக்குச் சராசரியாக 60 வினாடிகூட ஆகக் கூடாது!

61-ல் நின்றது

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பானிஸ்டர் மைதானத்துக்குப் போவார். சிறிது நேரம் ஓடுவார். பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிடுவார்.

1953 டிசம்பரில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். ஒரு சுற்று ஓட்டம். 2 நிமிடம் ஓய்வு. மறுபடியும் ஒரு சுற்று. இப்படியே 10 சுற்று.

ஆரம்பத்தில் ஒரு சுற்றுக்கு 66 வினாடி ஆயிற்று. சில மாதங்களில் அது 61 வினாடியாகக் குறைந்தது. அதோடு நின்றுவிட்டது! எவ்வளவு முயன்றும் 61 வினாடி 60 ஆகவில்லை.

பானிஸ்டர் என்ன செய்தார்? இன்னும் அதிகமாக ஓடினாரா?

இல்லை! ஓட்டத்தை நிறுத்தினார். நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குப் போய், சில நாட்கள் மலை ஏறினார். மலை ஏறுவதும் உழைப்புதான். ஆனால், அலுத்துப் போன மனதுக்கு அது ஒரு மாறுதல்.

திரும்பி வந்து மறுபடி 10 சுற்று ஓடினார். ஒரு சுற்றுக்கு 59 வினாடி!

இதில் மாயம் இல்லை. ஓடும்போது உடல் களைக்கிறது. ஓய்வின்போதும் தூக்கத்தின்போதும்தான் அது தேறி, முன்னைவிட வலுவாகிறது. ஓய்வே இல்லாவிட்டால் களைப்பின் மேல் களைப்பு சேரும். பிறகு நேரம் எப்படிக் குறையும்?

“மூன்று...”

1954 மே 6. ஆக்ஸ்போர்டு நகரில் பந்தயம். பலமாகக் காற்று அடித்தது. ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு தணிந்தது.

பிராஷர் முன்னால் ஓடினார். பின்னால் வந்த பானிஸ்டர், “இன்னும் வேகம்!” என்று கத்தினார். ஓய்வெடுத்த உடம்பில் அவ்வளவு தெம்பு! தாம் ஓடும் வேகம் அவருக்கே தெரியவில்லை. பிராஷர் அதைக் காதில் வாங்காமல், அதே வேகத்தில் ஓடினார். முதல் சுற்று 57.5 வினாடி! இன்னும் விரைந்திருந்தால் கடைசியில் கால் ஓய்ந்திருக்கக் கூடும்.

பிறகு மற்றொரு நண்பர் கிறிஸ் சாட்டவே முன்னால் ஓடினார். கடைசிச் சுற்றில் அவரையும் தாண்டிப் பாய்ந்தார் பானிஸ்டர்.

ஒலிபெருக்கியில் “மூன்று...” என்று கேட்டதுமே கூட்டம் ஆரவாரம் செய்தது. மீதி காதில் விழவில்லை! அவர் ஓடிய நேரம் 3 நிமிடம் 59.4 வினாடி.

பெற்றோருக்கு

பானிஸ்டர் அந்தப் பயிற்சியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 24. வளரும் பிள்ளைகள் அதை அப்படியே செய்யக் கூடாது. பையனானாலும் பெண்ணானாலும், பயிற்சியைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். ஒரு நாள் கடுமையாக ஓடினால், மறுநாள் மெதுவாக ஓட வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். வயிறார உணவும் நல்ல தூக்கமும் வேண்டும். கால்வலி நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நேரம் குறையாத பிள்ளை சோம்பேறி அல்ல. களைத்துப் போன பிள்ளையாகவும் இருக்கலாம்.

“இன்னும் ஓடு” என்று யாரும் சொல்லலாம். “இன்றைக்குப் போதும், போய்த் தூங்கு” என்று சொல்வதற்குத்தான் பெற்ற மனம் வேண்டும். அந்தத் தூக்கத்திலும் பிள்ளையின் வேகம் வளருகிறது!