தண்டனை கடுமையானது, மருத்துவமனைகள் ஆயத்தமா? பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் முன் நிற்கும் கேள்வி

பாலக்காடு / இடுக்கி: மருத்துவமனைக்குள் நிகழும் வன்முறைக்கு எதிரான சட்டத்தைக் கேரளம் 2023-ஆம் ஆண்டில் கடுமையாக்கியது. எனினும், தாக்குதல் நிகழும் முதல் சில நிமிடங்களில் நோயாளிகளையும் பணியாளர்களையும் காப்பாற்றுவது சட்டம் அன்று, முன்கூட்டிய பயிற்சியே. காவல்துறை உதவி மலைச்சாலை ஏறி வர வேண்டிய அட்டப்பாடி, மூணாறு, குமுளி போன்ற எல்லைப் பகுதிகளில் இந்த வேறுபாடு உயிர்களைத் தீர்மானிக்கக்கூடியது.

மூன்று சம்பவங்கள், மூன்று வழிகள்

கொல்லம் மாவட்டம் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் 2023 மே 10 அதிகாலையில் பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸ் குத்திக் கொல்லப்பட்டார். தாக்கிய நபர், தனக்கு ஆபத்து எனக் கூறித் தாமாகவே காவல்துறையை அழைத்தவர்; காயத்துக்குச் சிகிச்சை அளிப்பதற்காகக் காவலர்களால் அழைத்து வரப்பட்டவர். புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, அருகில் இருந்த அறுவைக் கத்தரிக்கோலை எடுத்து அவர் தாக்கினார். அன்றே சிறப்பு அமர்வாகக் கூடிய கேரள உயர் நீதிமன்றம், பாதுகாப்பு அளிக்கத் தவறியதாகக் காவல்துறையைக் கடுமையாக விமர்சித்தது.

சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2024 நவம்பர் 13 அன்று, புற்றுநோயாளி ஒருவரின் மகன், மருத்துவரை அவருடைய அறையிலேயே கத்தியால் குத்தினார். கோழிக்கோடு மாவட்டம் தாமரைச்சேரி தாலுகா மருத்துவமனையில் 2025 அக்டோபர் 8 அன்று, மகளை இழந்த தந்தை ஒருவர் அரிவாளுடன் வந்து மருத்துவரை வெட்டினார். இவ்விரு மருத்துவர்களும் உயிர் தப்பினர்.

மூன்றிலும் ஆபத்து வெவ்வேறு வழியில் நுழைந்துள்ளது. முதலாவதில் காவலர்களுடன் வந்தவர். இரண்டாவதில் நோயாளியின் உறவினராக அறிமுகமானவர். மூன்றாவதில் சிகிச்சை முடிந்த பின்னர் ஆயுதத்துடன் திரும்பி வந்தவர். வாயிலில் ஒரு காவலாளியை நிறுத்துவதால் மட்டும் இம்மூன்றையும் தடுத்துவிட இயலாது.

சட்டம் என்ன செய்தது?

வந்தனா தாஸ் கொலையைத் தொடர்ந்து, 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டத்தைக் கேரள அரசு அதே மாதத்தில் கொண்டுவந்தது. இதன்படி, வன்முறைக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கொடுங்காயம் விளைவித்தால் ஓராண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. துணை மருத்துவ மாணவர்கள், காவலாளிகள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் ஆகியோரும் பாதுகாப்பு வரம்புக்குள் கொண்டுவரப்பட்டனர்.

கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனைச் சம்பவத்துக்குப் பின், தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் வழக்குப் பதிவு செய்ய நிறுவனத் தலைவரே நடவடிக்கை எடுக்க வேண்டும் என மத்திய அரசு 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

இவை தேவையானவை. ஆனால், அனைத்தும் தாக்குதலுக்குப் பிந்தையவை. துயரத்தாலோ, போதையாலோ, மனக்குழப்பத்தாலோ நிதானம் இழந்த ஒருவர், சட்டப் பிரிவை எண்ணிப் பார்த்துக் கையை மடக்கிக்கொள்வார் என எதிர்பார்க்க இயலாது.

'கோட் கிரே' எவ்வாறு செயல்பட வேண்டும்?

வன்முறையில் ஈடுபடுபவரை எதிர்கொள்வதற்கான எச்சரிக்கைக் குறியீடே 'கோட் கிரே'. இந்நெறிமுறையைச் செயல்படுத்துவதாகக் கேரள சுகாதாரத் துறையும் அறிவித்தது. நோயாளியின் இதயத் துடிப்பு நின்றால் 'கோட் புளூ' என்ற அறிவிப்பு ஒலித்ததும் ஒவ்வொருவரும் தத்தம் இடத்துக்கு ஓடுகின்றனர். அப்போது எவரும் கையேட்டைப் புரட்டுவதில்லை. பலமுறை பழகியதே காரணம். 'கோட் கிரே' அந்த நிலையை எட்டும்போதுதான் அதற்குப் பொருள் உண்டு.

அமெரிக்காவில் துப்பாக்கித் தாக்குதல்களின்போது 'ஓடு, ஒளிந்துகொள், எதிர்த்துப் போரிடு' என்று பொதுமக்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ளவரோ, பிரசவ வலியில் இருப்பவரோ ஓட இயலாது. அவர்களை விட்டுச் செவிலியரும் ஓட இயலாது. எனவே, அத்தகைய பிரிவுகளில் கதவை அடைத்து இடத்தைப் பாதுகாப்பது, உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் எதிர்ப்பது என்ற மாற்று வழிமுறையை அந்நாட்டு மருத்துவர்கள் 2018-இல் முன்வைத்தனர்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு, கட்டுப் போடும் அறைக்கு இரண்டாவது வழி, கைக்கெட்டாத இடத்தில் கூரிய கருவிகள், ஒரே அழுத்தில் ஒலிக்கும் எச்சரிக்கை மணி ஆகியவை போதும். காவலர்களுடன் வருபவர் குற்றவாளியா, புகார்தாரரா என்பதைக் கொண்டு அல்லாமல், அவரது நடத்தையைக் கொண்டு பாதுகாப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே கொட்டாரக்கரை தரும் பாடம்.

எல்லைப் பகுதியின் தனிச் சிக்கல்

பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி, சித்தூர் வட்டாரங்களிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்கின்றனர். இடுக்கிக்கு ரயில் பாதையே இல்லை. கூடுதல் சிகிச்சை தேவைப்படும்போது அட்டப்பாடியிலிருந்து ஆனைகட்டி வழியாகக் கோவைக்கும், குமுளியிலிருந்து தேனிக்கும் நோயாளிகள் செல்வது வழக்கம். இரவில் குறைந்த பணியாளர்களுடன் இயங்கும் மலைப்பகுதி மருத்துவமனையில், வெளி உதவி வந்து சேரும் வரையிலான பொறுப்பு முழுவதும் உள்ளே இருப்பவர்களையே சாரும்.

இங்கு மொழியும் ஒரு பாதுகாப்புக் கருவியே. நோயாளி ஏன் வேறிடத்துக்கு அனுப்பப்படுகிறார், ஏன் காத்திருக்க வேண்டும், மரணம் எவ்வாறு நேர்ந்தது என்பனவற்றை மலையாளத்தில் மட்டும் கேட்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில், பாதி புரிந்த செய்தி சந்தேகமாக மாறக்கூடும். எதுவும் வன்முறையை நியாயப்படுத்தாது. ஆயினும், தமிழில் விளக்கும் ஒருவர் ஒவ்வொரு பணிமுறையிலும் இருப்பது அதைத் தடுக்க உதவும். ஆபத்து நேர அறிவிப்புகளும் இரு மொழிகளிலும் ஒலிக்க வேண்டும். கதவை மூடுமாறு சொல்வது புரியாத நோயாளிக்கு அந்த அறிவிப்பால் பயனில்லை.

நோயாளியும் பாதுகாக்கப்பட வேண்டும்

ஆயத்தம் என்பது ஏழை நோயாளியை ஐயத்துடன் பார்ப்பதாக மாறிவிடக் கூடாது. ரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்தவர், தலையில் அடிபட்டவர், மதுவை நிறுத்தியதால் நடுக்கமும் குழப்பமும் கண்டவர் ஆகியோர் ஆவேசமாக நடந்துகொள்ளலாம். அவர்களுக்கு முதலில் வேண்டியது பரிசோதனையும் சிகிச்சையும். கேள்வி கேட்டுக் குரல் உயர்த்தும் உறவினரையும், ஆயுதம் ஏந்தியவரையும் ஒரே தட்டில் வைக்கும் நெறிமுறை, உண்மையான ஆபத்தின்போது தன் மதிப்பை இழக்கும்.

சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தம் பணிக்காலத்தில் ஒரு முறையேனும் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. அவ்வாறாயின், இதனை அரிதான விபத்தாகக் கருத இயலாது.

எல்லை மாவட்ட மருத்துவமனைகளின் ஆயத்தத்தை அறிய நீண்ட அறிக்கை தேவையில்லை. நள்ளிரவுப் பணியில் உள்ள இளம் பயிற்சி மருத்துவரிடமும் செவிலியரிடமும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: எச்சரிக்கை மணி எங்கே உள்ளது? எந்தக் கதவை யார் மூடுவார்? கடைசி ஒத்திகை எப்போது நடந்தது? இவற்றுக்கு அவர்கள் தயங்காமல் விடையளிக்கும் நாளில்தான், சட்டம் தாளிலிருந்து இறங்கி மருத்துவமனைக்குள் வந்துவிட்டதாகக் கொள்ள முடியும்.