பதிவேடும் பயணமும்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று இரண்டாம் பூசை முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த விதவைத் தாயார் ஒருவர் பங்கு மனைக்கு வந்தார். வயது அறுபத்தெட்டு. "சாமி, என் ஞானஸ்நானச் சீட்டு ஒன்று வேண்டும், மகன் அனுப்பச் சொல்லுகிறான்" என்றார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட மகன், தாயை நிரந்தரமாகத் தன்னிடம் வரவழைக்க விண்ணப்பிக்க இருக்கின்றான். இத்தகைய வேண்டுகோள் நம் அலுவலகத்துக்கு இப்போது புதிதன்று.

1970க்கு முன் பிறந்தவர்களுள் பலருக்கு அரசாங்கத்தின் பிறப்புச் சான்று கிடையாது. வீட்டிலே பிறந்தார்கள், சில நாட்களுள் கோவிலுக்குத் தூக்கிவரப்பட்டார்கள், அவர்கள் பிறந்ததை எழுதி வைத்தது அந்நாளைய விசாரணைக் குருவின் பேனா ஒன்றுதான். ஆகவே கோவில் ஏட்டின் நகல் துணை ஆதாரமாகப் பயன்படுகின்றது. ஆனால் ஏட்டில் சூசை என்றிருப்பவர் பாஸ்போர்ட்டில் ஜோசப் ஆகியிருப்பார்; இராயப்பன் பீட்டராகவும் அருளப்பன் ஜானாகவும் மாறியிருப்பர். "சாமி, ஒரு எழுத்தைத் திருத்திக் கொடுங்கள்" என்று கேட்பவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: இறந்துபோன குரு எழுதிய மையை மாற்ற எனக்கு உரிமையில்லை. உள்ளது உள்ளபடியே நகல் தருவேன். இருவரும் ஒருவரே என்னும் உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் செய்துகொள்வதே நேர்மையான வழி.

அம்மையாரின் பெயரில் சிக்கல் ஏதும் இல்லை. முத்திரையை எடுத்தபோது அவர் மெல்லக் கேட்டார்: "போனால் திரும்பி வர விடுவார்களா, சாமி?"

அக்கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது. இத்தனை தாள்கள் சேர்ந்தபின்னும் அவருக்கு எவரும் எதையும் விளக்கவில்லை. மகன் தீயவனல்லன், தாய் தனித்திருக்கிறாளே என்னும் கவலைதான் அவனை உந்துகிறது. ஆயினும் நான்காம் கட்டளையின்படி தாயைப் பேணுவதில், அவளுடைய விருப்பத்தைக் கேட்டறிவதும் அடங்கும் அன்றோ?

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இருபத்தொரு வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகன் மட்டுமே பெற்றோருக்காக விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு மட்டும் உள்ள பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை. குடிமக்களின் பெற்றோருக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லையாதலால், உடன்பிறந்தோரைப்போல் நெடுங்காலம் வரிசையில் நிற்க வேண்டுவதில்லை. மகன் தாயைத் தாங்குவதாகக் கையொப்பமிட வேண்டும். பொதுவாக அவன் வருமானம், தாயையும் சேர்த்துக் கணக்கிட்ட குடும்பத்துக்கு அந்நாடு வகுத்துள்ள வறுமை அளவில் 125 விழுக்காடாவது இருக்க வேண்டும். இது வாய்ச்சொல் அன்று. சட்டம் பிணைக்கும் கடமை.

திரும்பி வரலாம், தடையில்லை. ஆனால் அந்த அட்டை அங்கே வாழ்வதற்கானது, அவ்வப்போது போய்வருவதற்கானதன்று. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் கேள்விகள் எழலாம். மறுநுழைவு அனுமதி பெறாமல் ஓராண்டுக்கு மேல் தங்கினால் அந்த உரிமையையே இழக்க நேரிடும். மருத்துவமோ இதனினும் பெரிய காரியம். அங்கே வேலை செய்து வரி செலுத்தாத முதியவர், அறுபத்தைந்து வயதுக்குமேல் ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பின்னரே, மாதக் கட்டணம் செலுத்தி மெடிக்கேர் என்னும் அரசுக் காப்பீட்டில் சேர முடியும். அதுவரை தனியே காப்பீடு வாங்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் மாத்திரை உண்ணும் நம் தாய்மாருக்கு இது சிறிய செலவன்று.

"பேரப்பிள்ளை பிறந்தபோது போயிருந்தேனே, நன்றாகத்தானே இருந்தது" என்றார். போனது எந்த மாதம் என்று கேட்டேன். ஜூன் மாதமாம்! மகன் வீட்டில் விடுமுறை, நீண்ட பகற்பொழுது, ஊர் சுற்றல். ஜனவரியில், எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின், பனி மூடிய சன்னலருகே அமர்ந்திருந்து பாருங்கள் என்றேன். கார் ஓட்டத் தெரியாதவருக்கு அங்கே வாரநாட் பூசை எவ்வளவு தூரம்? பாவசங்கீர்த்தனம் எந்த மொழியில்? (எனக்கே ஆங்கிலத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்க வரும், சொல்ல வராது.) தாயைப் பிரிந்து இங்கே தனியே நோயுற்றுக் கிடப்பதைவிடப் பிள்ளையோடு இருப்பது மேல் என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்களைப் போகாதே என்று நான் தடுப்பவனல்லன். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். அதையும் நிரந்தர விண்ணப்பம் கொடுக்குமுன் செய்வது நலம். கொடுத்தபின் பார்வையாளர் விசா கிடைப்பது கடினமாகலாம். வீட்டை விற்க அவசரமும் வேண்டாம். விற்றாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவர் கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கு இடம் இருக்கிறது, சாமி. அங்கே செத்தால்?" என்றார்.

உடலைக் கொண்டுவரலாம், செலவு மிகுதி. 1963 முதல் திருச்சபை எரிப்பதையும் அனுமதிக்கின்றது. ஆனால் சாம்பலை வீட்டில் வைத்திருக்காமலும், தூவிவிடாமலும் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் உரோமை தெளிவாக்கியுள்ளது. ஆகவே சாம்பலாக வந்தாலும் அந்தக் கல்லறை இடம் அவருக்கு உண்டு. இதைக் கேட்டு அவர் சிரித்தார். "அப்படியானால் மகனிடம் இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்."

அன்றிரவே மகன் தொலைபேசியில் என்னிடம் பேசினான். முதலில் சிறிது வருத்தம். பிறகு, "அம்மா இதையெல்லாம் என்னிடம் கேட்கவே இல்லையே, சாமி" என்றான். நீ கேட்டாயா என்றேன். பதில் வரவில்லை.

டிசம்பர் இறுதியில் பார்வையாளராகப் போய், இரண்டு மாதம் இருந்து வர ஏற்பாடாகியிருக்கிறது. நகலில் கையொப்பமிட்டு, பங்கு முத்திரையும் குத்தி, அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டுமா, வேண்டாமா என்று மார்ச் மாதம் வந்து சொல்வதாகப் போயிருக்கிறார்.