டொமைன் யார் பெயரில்?

“வெப்சைட் போட எவ்வளவு ஆகும்?” என்று கேட்டு வரும் சிறு வணிகரிடம், தளம் அமைத்துத் தரும் நாம் மூன்று வழிகளைச் சொல்கிறோம். விக்ஸ், ஷாப்பிஃபை போன்றவற்றில் சந்தா கட்டி அவரே அமைத்துக்கொள்ளலாம். ஃப்ரீலான்சர் ஒருவரைப் பிடித்து வேர்ட்பிரஸில் செய்துகொள்ளலாம். நிறுவனம் ஒன்றிடம் மொத்தமாக ஒப்படைக்கலாம். பிறகு பேச்செல்லாம் விலையைச் சுற்றியே ஓடுகிறது. அடுத்த ஆண்டு அந்தத் தளம் யார் கையில் இருக்கும் என்று இரு தரப்பும் கேட்பதில்லை.

கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாக அமைத்த தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. அந்த முகவரிகளைப் புரொஃபைலுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் ஜூனில் நின்றது. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்தவர்களுக்கு அது வீணானது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்களால் வேறு தளம் அமைத்து அதே முகவரியில் தொடர முடிந்தது.

நம் கொட்டேஷன்களிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. ‘டொமைன், ஹோஸ்டிங் முதல் வருடம் இலவசம்’ என்று ஒரு வரி போடுகிறோம். அந்த டொமைனை நம் கணக்கில், நம் மின்னஞ்சலில் பதிகிறோம். ரெனிவல் அறிவிப்பும் நமக்கே வருகிறது. நாம் வேறு வேலைக்குப் போய்விட்டால் கடைக்காரருக்குத் தகவலே போகாது. தளம் நின்ற பிறகுதான் தெரியும். டாட் காம் பெயர் நீக்கப்பட்ட பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு என்றாலும், பதிவு தன் பெயரில் இல்லாதவர் அதைக் கேட்டு வாங்குவது கடினம்.

வழியைத் தேர்ந்தெடுக்க நாம் கேட்க வேண்டியது, தளத்தில் உள்ள விலைப்பட்டியலைக் கடையில் யார் மாற்றுவார் என்பதே. மாற்றத் தெரிந்த ஆள் இருந்தால் சந்தாத் தளம் போதும்; ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு ஹோஸ்டிங்குக்கு எடுத்துப் போக முடியாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். வேர்ட்பிரஸ் தளத்தை ஃபைல்கள், டேட்டாபேஸோடு எங்கும் மாற்றலாம். பிளகின்களை அப்டேட் செய்ய ஆள் இல்லையென்றால் அது ஹேக்கர்களுக்குத் திறந்த வீடு. முகவரி, தொலைபேசி, கடை நேரம் மட்டும் போதுமென்றால் ஒரு பக்கத் தளமே போதும். பெரிய பேக்கேஜைத் தலையில் கட்ட வேண்டாம்.

எந்த வழியானாலும் டொமைன் வாடிக்கையாளர் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகட்டும். அட்மின் லாகினும் பேக்கப்பும் ஒப்படைக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவோம். பராமரிப்புக்கு ஆண்டுக் கட்டணம் கேட்பது நியாயம். செய்யும் வேலைக்கு வாங்கும் கூலி அது. டொமைனைப் பிடித்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைத் தக்கவைப்பது தொழில் ஆகாது.