ரெண்டாவது கியர் கோவிச்சுக்கும்!

ஃபெராரின்னாலே ‘ஆக்ஸிலரேட்டரைத் தொட்டா போதும், சும்மா ஜிவ்வுனு பறக்கும்’னு நினைக்கிற ஆளா நீங்க? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான் பாஸ்!

1975-ல் பாரிஸ் கார் கண்காட்சியில் அறிமுகமான ஃபெராரி 308 ஜி.டி.பி.யை எடுத்துக்குவோம். இதோட தம்பி, கூரையைக் கழற்றி வைக்கிற ஜி.டி.எஸ். 1980-லிருந்து 88 வரை ஓடிய ‘மேக்னம் பி.ஐ.’ டி.வி. தொடரில் ஹவாய் தீவைச் சுத்திச் சுத்தி வந்த சிவப்பு கார் அதுதான். பார்க்க ஹீரோ. ஆனா பழக ஆரம்பிச்சா, முதல் சில நாளைக்கு முசுடு வாத்தியார்!

உட்கார்றதிலேயே கதை ஆரம்பிச்சுடும். ஸ்டீயரிங், பஸ்ஸில் இருக்கிற மாதிரி கொஞ்சம் மல்லாந்து கிடக்கும். முன்சக்கரத்துக்கு இடம் விட்டதால பெடல்கள் எல்லாம் நடுப்பக்கமா ஒதுங்கியிருக்கும். கை நீளமாவும் கால் குட்டையாவும் இருக்கிறவருக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை! பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ன இடத்தில் திருப்பினா தோள்பட்டை கழண்டுடும். (பத்மினி ஓட்டின நம்ம பெரியப்பாக்களுக்கு இது ஒரு மேட்டரே இல்லை. அதுவும் ஃபியட் 1100-ன் வாரிசுதானே! 1969-ல் ஃபெராரியில் பாதிப் பங்கை வாங்கினதும் அதே ஃபியட். ஒரு வகையில் சொந்தக்காரங்க!)

வண்டி உருள ஆரம்பிச்சதும் ஸ்டீயரிங் லேசாகிடும். ரோட்டோட ஒவ்வொரு மேடு பள்ளமும் உள்ளங்கைக்கு வந்து சேரும். புதுசா ஓட்டுறவங்க அந்த உதறலுக்குப் பயந்து இறுக்கிப் பிடிப்பாங்க. இறுக்கினா சேதி வராது.

அடுத்து கியர். வழக்கமா முதல் கியர் இருக்கிற இடது மேல் மூலையில் இங்கே ரிவர்ஸ் இருக்கு! முதல் கியர் அதுக்கு நேர் கீழே. ரேஸில் அடிக்கடி வேலை இருக்கிற ரெண்டும் மூணும் ஒரே நேர்கோட்டில் வரணும்னு செஞ்ச ஏற்பாடு. சிக்னலில் பச்சை விழுந்ததும் கை தானா மேலே போகும். அந்தப் பழக்கத்தை மறக்கடிக்கிறதே பெரும்பாடு.

காலையில் வண்டியை எடுத்தா ரெண்டாவது கியர் சுலபத்தில் விழாது. கோளாறு இல்லீங்க. கியர்பாக்ஸ் ஆயில் குளிரில் கெட்டியா இருக்கும். ஷாஃப்ட், கியர் ரெண்டோட வேகத்தையும் சமமாக்குற சின்க்ரோமெஷ், அந்தக் கெட்டி ஆயிலைத் தாண்டிப் பிடிக்கணும். ஆயில் சூடாகிற வரைக்கும் ஒண்ணுலேர்ந்து நேரா மூணுக்குத் தாவிடுவாங்க இதை வச்சிருக்கிறவங்க. முரட்டுத்தனமா தள்ளினா பல் போயிடும். கியரோட பல்லைச் சொன்னேன்!

நிஜமான ஆபத்து வளைவில்தான். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால, நடுவில் இருக்கு. ரெண்டு வாளியைக் கையில் நீட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சுத்திப் பாருங்க. அப்புறம் நெஞ்சோட அணைச்சுக்கிட்டுச் சுத்துங்க. ரெண்டாவது முறை சட்டுனு சுத்துவீங்க இல்லையா? நாம டைனமிக்ஸ் பேப்பரில் மனப்பாடம் பண்ற ‘மொமென்ட் ஆஃப் இனர்ஷியா’ இதுதான். எடை நடுவில் இருந்தா கார் டக்குனு திரும்பும். அதே காரணத்தால, பிடி போச்சுன்னா டக்குனு சுழலவும் செய்யும்.

வளைவுக்குள்ள வேகமா நுழைஞ்சுட்டு, பாதியில் பயந்து ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா என்ன ஆகும்? எடை முன்பக்கம் சாயும். பின்டயரில் அழுத்தம் குறைஞ்சு பிடி விட்டுப்போகும். வால்பக்கம் முன்னாடி வரப் பார்க்கும். காப்பாத்த ஏ.பி.எஸ்., ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் எதுவும் இல்லை. மழைன்னா கேட்கவே வேணாம். பயந்தா காலை எடுக்கிறது மனுஷ சுபாவம். இந்த காரில் அந்த சுபாவத்தையே மாத்திக்கணும். பிரேக் வேலையை வளைவுக்கு முன்னாடியே முடிச்சுட்டு, உள்ளே போனதும் ஆக்ஸிலரேட்டரை மென்மையா, ஒரே சீரா வச்சிருக்கணும். என்னைக் கேட்டா, 250-க்கு மேல இருக்கிற குதிரைத்திறனை விட இந்த ஒரு விஷயத்துக்குத்தான் இந்த காருக்கு மரியாதை கொடுக்கணும்.

இன்னொண்ணு, டயர். இந்த மாதிரி கார்கள் வருஷத்துக்கு நாலு தடவை வெளியே வந்தா பெரிசு. பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் கெட்டியாகி பிடிமானம் போயிருக்கும். 2000-க்குப் பிறகு வந்த டயரோட பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319-னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரிச்சது. ஃபெராரி இல்லாட்டி என்ன, பார்க்கிங்கில் நிக்கிற உங்க பைக்லயும் அதே நாலு எண் இருக்கு. இன்னிக்கு லஞ்ச் பிரேக்கில் குனிஞ்சு பாருங்களேன்!